கேத்தரின் வீட்டுக் குளிர்காலம்

டிசம்பர் மாதத்தில் கிளாரன்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, டிசம்பர் பிறந்துவிட்டால் மனிதர் காலில் சக்கரம் கட்டிக்கொள்வார். கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற மாதா கோயில் கேரல் குழுவுக்கு அவர்தான் எல்லாம். எந்த வீட்டுக்கு எந்த நாள் போவது, வேனை எங்கே நிறுத்துவது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைத்துவிட்டு வாலாட்டும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. பாட்டு மட்டும்தான் வராது.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மீசை அரும்பிய வயதில் குழுவில் சேர்ந்தவர் முதல் ஒத்திகையில் தொண்டையைத் திறந்தார். பாட்டு மாஸ்டர் ஒரு பாட்டு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போய், "தம்பி, நீ மணி அடி" என்றார். அன்று கைக்கு வந்த பித்தளை மணி அதற்குப் பிறகு நெடுங்காலம் வேறு யார் கைக்கும் போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் இவர் மணி அடிப்பார், மற்றவர்கள் பாடுவார்கள், இவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவர்தான் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார் என்று தோன்றும்.

இங்கே டிசம்பர் என்றால் மழை. நமக்கு வாய்த்த குளிர்காலம் அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் வானம் கறுக்கும், ஒரு காற்று அடிக்கும், பிறகு ராத்திரி வரைக்கும் விட்டு விட்டு ஊற்றும். மழையைச் சாக்குச் சொல்லி யாராவது வராமல் இருந்தால் கிளாரன்ஸுக்குப் பொல்லாத கோபம் வரும். "நீ என்ன சீனிக்கட்டியா, கரைஞ்சு போறதுக்கு?" என்பார். மனிதர் சட்டம் வேறு வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பதிவு செய்கிற வீடுகளுக்கு மட்டும்தான் போக வேண்டும். பதிவு முடிந்தால் முடிந்ததுதான், பெற்ற அப்பன் வந்து கேட்டாலும் சேர்க்கக்கூடாது. மணி அடித்த பிறகு ஒரு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டால், வேண்டாம் என்று அர்த்தம். பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிவிட வேண்டும்.

அந்தக் கடைசிச் சட்டம் ஒரே ஒரு வீட்டால் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வீடு மாறிப்போன பழைய கோயில்காரர்கள் பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்று சிதறிக் கிடந்தார்கள். அவர்களையும் குழு விடுவதில்லை. அப்படிக் கிள்ளானைத் தாண்டி மேருவில் இருந்தவர் நல்லம்மாள். ரயில்வேயில் இருந்த கணவர் போனபிறகு தனியாக இருக்கிற அம்மாள். ஒவ்வொரு வருஷமும் யாரிடமாவது சொல்லியனுப்பித் தன் வீட்டைப் பதிவு செய்துவிடுவார். அவ்வளவு தூரம் வேனில் போய் இறங்கி மணி அடித்தால், முதல் வரி பாடி முடிப்பதற்குள் வீட்டில் விளக்கு அணையும். முதல் தடவை பல்பு போய்விட்டது என்று நினைத்தார்கள். அடுத்த வருஷமும் அதே. மூன்றாவது வருஷமும் அதே, ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். கிளாரன்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைப் போட்டு, நல்லம்மாள் பெயரையும் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்.

எடுத்தாரே தவிர, விஷயத்தை விட முடியவில்லை. எதையும் தோண்டித் துருவிப் பார்க்கிற புத்தி அவருக்கு. வேண்டாம் என்றால் எதற்காகக் கூப்பிட வேண்டும்? கூப்பிட்டுவிட்டு எதற்காக விளக்கை அணைக்க வேண்டும்? வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கேத்தரினிடம் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். "அவங்களையே போய்க் கேளுங்களேன்" என்பாள் அவள். அது மட்டும் இவரால் ஆகாது.

இந்த வருஷம் கதை மாறிவிட்டது. செப்டம்பரில் அவருடைய வலது முட்டியை மாற்றினார்கள். மழையில் நிற்கக்கூடாது, வழுக்கும் இடத்தில் நடக்கக்கூடாது, வேனில் ஏறி இறங்கக்கூடாது என்று டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். கோயிலில் செரீனா என்கிற பெண் கேரல் குழுவை எடுத்துக்கொண்டாள். வங்கியில் வேலை பார்க்கிறவள், குழுவில் பாடியே வளர்ந்தவள், சுறுசுறுப்பானவள். மணியை ரோனி என்கிற கிதார்க்காரப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று கிளாரன்ஸ் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் பிறந்ததும் அவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். வானத்தைப் பார்த்தார். ரோனிக்குப் போன் செய்து, "நாய்க்கு பிஸ்கட் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். கேத்தரின் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், "ஒரு இடத்துல உட்காருங்க. தரை தேயுது" என்றாள்.

உட்கார்ந்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டது.

சாயங்காலம் மழை பிடித்ததும் கேத்தரின் சமையலறை வேலையைச் சட்டென்று முடித்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எப்போதோ கேமரன் மலைக்குப் போனபோது வாங்கியது. அந்த ஒரு பயணத்துக்குப் பிறகு அதை அவள் தொட்டதே இல்லை என்றுதான் கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் முழங்கை இரண்டும் தேய்ந்து நூல் நூலாக இருந்தது. ஜன்னல் பக்கத்துப் பிரம்பு நாற்காலியை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பினாள். முன்னால் ஒரு முக்காலி. அதில் கால். மடியில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்குத் தட்டு, ஓரத்தில் சம்பல். கையில் இஞ்சி டீ. பிறகு எட்டி ஹால் விளக்கை அணைத்தாள்.

"என்ன இது, இருட்டுல?" என்றார் கிளாரன்ஸ் சோபாவிலிருந்து.

அவர் அங்கே இருப்பதை அப்போதுதான் நினைவுகொண்டவள் போலத் திரும்பினாள் கேத்தரின். "நீங்க இருக்கீங்களா? மறந்தே போச்சு. விளக்கு எரிஞ்சா கண்ணாடியில நம்ம மூஞ்சிதாங்க தெரியும். அணைச்சாத்தான் மழை தெரியும்."

கிளாரன்ஸ் எழுந்து வந்து பார்த்தார். உண்மைதான். தெருவிளக்குக்குக் கீழே மழை சாய்ந்து சாய்ந்து விழுவது இழை இழையாகத் தெரிந்தது. எதிர்வீட்டு மாமரம் குளித்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ரயில் ஒன்று ஜன்னல் ஜன்னலாக வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது. இந்த ஜன்னல் வழியாக இதெல்லாம் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷம் குடியிருந்த வீடு.

"எப்போலேருந்து இப்படி?"

"எப்படி?"

"இந்த ஸ்வெட்டர், முக்காலி, கிழங்கு."

"நீங்க கேரலுக்குப் போற நாளெல்லாம் இப்படித்தான். ஏமி சின்னதா இருந்தப்ப அவளும் கூட உட்காருவா. அவ மான்செஸ்டர் போனப்புறம் போன்ல கேப்பா, 'உங்க விண்டர் எப்படிம்மா இருக்கு?'ன்னு. அவளுக்கு அங்க ஸ்னோ, எனக்கு இங்க இது."

ஏமி அவர்களுடைய ஒரே மகள். மகளுக்குத் தெரிந்த விஷயம் தனக்குத் தெரியாமல் போனதில் கிளாரன்ஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைவிட ஆர்வம் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து அவர் கேத்தரினுடைய குளிர்காலத்தைப் படிக்க ஆரம்பித்தார். அடுக்கடுக்கான ஜன்னல் கண்ணாடிப் பலகைகளை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கேட்டார். விரல் நுழைகிற அளவு, அதற்கு மேல் திறந்தால் சாரல் அடிக்கும். மின்விசிறி வேண்டாமா? கூடவே கூடாது, அந்தச் சத்தத்தில் மழைச் சத்தம் கெட்டுவிடும். போர்ச் தகரத்தில் விழுகிற மழையும் மாமரத்தில் விழுகிற மழையும் வேறு வேறு சத்தம் என்று அவள் சொன்னபோது இவர் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். வேறுதான். கிழங்கை எப்போது சாப்பிட வேண்டும் என்பதற்குக்கூட ஒரு முறை இருந்தது. மழை வலுக்கும்போதுதான் சாப்பிட வேண்டும், தூறலுக்குச் சாப்பிட்டால் வீண்.

"ஒவ்வொன்னுக்கும் கேள்வியா?" என்று அலுத்துக்கொண்டாள் கேத்தரின். "பேசாம உட்காரணும்லா. பேசினா போச்சு."

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பேசாமல் உட்காரவும் கற்றுக்கொண்டார். சோபாவை இழுத்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். முட்டியில் போர்வையைச் சுற்றிக்கொண்டார். வெளியே கொட்டுகிற மழையில் செரீனாவும் ரோனியும் எங்கேயாவது குடையோடு நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைப்பு வரும். பாவமாகவும் இருக்கும். பிறகு ஒரு வாய் சூடான டீ உள்ளே இறங்கும். அடடா, இதை விட்டுவிட்டா இவ்வளவு காலம் ஊரெல்லாம் நனைந்துகொண்டு நின்றோம் என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காகக் கொஞ்சம் வெட்கமும் படுவார்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேறு எந்த நோக்கமும் இல்லை. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேரல் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். அவர்தான் எப்போதும் வெளியே நின்றவராயிற்றே.

"கேத்தி, நாங்க வந்து பாடறப்ப உள்ள உனக்கு எப்படி இருக்கும்? எந்தப் பாட்டு நல்லா இருக்கும்?"

கேத்தரின் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்தாள். "நம்ம வீட்டுல எங்க பாடினீங்க?"

"என்ன கேத்தி, வருஷா வருஷம் கடைசி நாள் நம்ம வீட்டுலதானே முடிப்போம்."

"சாப்பாட்டுல முடிப்பீங்க" என்றாள் அவள். குரலில் குறை ஒன்றும் இல்லை. "எல்லா வீட்டையும் முடிச்சிட்டு, தொண்டை கட்டி, காலெல்லாம் சேறா, பின்சந்து வழியா சமையல்கட்டுக்குள்ள வருவீங்க. ஆளாளுக்குப் பசி. இடியாப்பமும் கோழிக்கறியும் எடுத்து வைக்கிறதுக்கே எனக்கு நேரம் சரியா இருக்கும். அதுல எங்கேருந்து பாட்டு?"

கிளாரன்ஸ் ஒவ்வொரு வருஷமாக நினைத்துப் பார்த்தார். பின்கதவு. ஈரச் செருப்புகள். சிரிப்பு. தட்டுகள். முன்வாசல் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அவருடைய வீடு பதிவிலேயே இருந்ததில்லை. இருக்க வேண்டிய தேவை என்ன? தலைவர் வீடாயிற்றே.

"ஒரு தடவைகூடவா?"

"கல்யாணமாகி முதல் வருஷம் நான் எதிர்பார்த்தேன். புதுப் பொண்ணு, புது வீடு, கண்டிப்பா வந்து பாடுவீங்கன்னு சேலையெல்லாம் மாத்திக்கிட்டு முன்கதவுக்குப் பின்னாலயே நின்னேன். நீங்க பின்னால வந்து 'சோறு ரெடியா?'ன்னீங்க." அவள் சிரித்தாள். "மழை வலுக்குது பாருங்க. கிழங்கு எடுங்க."

கிளாரன்ஸுக்குக் கிழங்கு இறங்கவில்லை. ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் கிறிஸ்மஸைக் கொண்டுபோய்க் கொடுத்தவர், தன் வீட்டுக்காரிக்கு அண்டா நிறைய எச்சில் தட்டைத்தான் கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் அதுவும் இல்லை. ஆன்டிக்கு எதற்குச் சிரமம் என்று கடைசி நாள் சாப்பாட்டைச் செரீனா கோயில் மண்டபத்துக்கு மாற்றிவிட்டாள். இனி பின்வாசல் வழியாகக்கூட யாரும் வரப்போவதில்லை. இந்த டிசம்பர் போவதற்குள் கேத்தரின் வாசலில் ஒரு பாட்டு நடந்தே ஆக வேண்டும் என்று அவருக்குப் பட்டுவிட்டது. பட்டுவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது.

மறுநாள் கேத்தரின் குளிக்கப் போன சமயம் பார்த்துச் செரீனாவுக்குப் போன் செய்தார்.

"அங்கிள், கால் எப்படி இருக்கு?"

"கால் கிடக்குது. ஒரு வீடு சேர்க்கணும்."

"அங்கிள், புக்கிங் போன ஞாயித்துக்கிழமையே குளோஸ் ஆயிடுச்சு. நீங்க போட்ட ரூல்தானே."

"தெரியும்."

"போன வருஷம் என் சொந்தப் பெரியம்மா லேட்டா கேட்டாங்கன்னு நீங்க சேர்த்துக்கவே இல்ல."

"அதுவும் தெரியும்லா."

"சரி, யார் வீடு?"

"என் வீடு."

செரீனா சிரித்துவிட்டாள். "உங்க வீட்டுக்கா? கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளிச்சிருக்குமே அங்கிள்."

"எனக்கில்ல. உங்க ஆன்டிக்கு. அவ வாசல்ல இதுவரைக்கும் யாரும் பாடினதில்ல."

"என்ன அங்கிள் சொல்றீங்க? நான் சின்னப் பிள்ளையிலேருந்து அங்க வந்து சாப்பிட்டிருக்கேனே."

"ஆமா. எந்தப் பக்கமா வந்தேன்னு யோசிச்சுப் பாரு."

செரீனா யோசித்தாள். யோசித்து முடித்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. கடைசி நாள் கிள்ளான், மேரு பக்கத்து வீடுகளைச் சாயங்காலமே முடித்துக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொன்னாள். முன்வாசலுக்கு என்று இரண்டு தடவை சொன்னாள்.

கேத்தரினிடம் ஒரு வார்த்தை மூச்சுவிடக் கூடாது என்று கிளாரன்ஸ் தீர்மானம் செய்தார். ஆனால் அவர் ரகசியம் காக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். முன்வாசல் விளக்குக்குப் புது பல்பு போட்டார். கேட்டுக்கு எண்ணெய் விட்டார். கடைசி நாள் மத்தியானம், "கேத்தி, அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கயேன்" என்றார். வீட்டுக்குள்ளே மழையைப் பார்த்துக்கொண்டிருக்க எதற்குப் பட்டுச்சேலை என்று அவள் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது என்று தெரிந்தது. ஏழு மணிக்குப் பச்சைப் பட்டோடு வந்தாள், காதில் கல் தோடு. மேசையில் கேக் வெட்டி வைத்து, அதன்மேல் வலைமூடி போட்டாள். ஸ்வெட்டரைத் தொடவில்லை. முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு களையைக் கிளாரன்ஸ் எதிர்பார்க்கவில்லை. அவர் ஜன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏனென்றால் மழை அன்றைக்கு என்றுமில்லாத பேய் மழையாக இருந்தது. மூன்று மணிக்குப் பிடித்தது, விடுவதாகவே இல்லை.

எட்டு மணி ஆனது. எட்டரையும் ஆனது. கிளாரன்ஸின் போன் அடித்தது.

"அங்கிள், நாங்க மேருவுலயே மாட்டிக்கிட்டோம்" என்றாள் செரீனா. பின்னால் வைப்பர் சத்தம் கேட்டது. "மெயின் ரோட்டுல தண்ணி. லோரியெல்லாம் அப்படியே நிக்குது. வேன் அந்தப் பக்கம் போகாது. சாரி அங்கிள். ஆன்டிகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"நீங்க பத்திரமா இருங்க. அதுதான் முக்கியம்" என்று சொல்லிப் போனை வைத்தார். கேத்தரின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பாவம் பிள்ளைங்க, இந்த மழையில என்ன பண்ணுவாங்க?" என்றாள். "நான் போய் மாத்திக்கிட்டு வரேன். டீ போடவா?" எழுந்தபோது நாற்காலியின் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். காதுத் தோட்டைக் கழற்றக் கை போய்விட்டது.

இந்த மாதிரி நேரத்தில் கிளாரன்ஸ் யோசிக்கிற ஆள் இல்லை. "கொஞ்சம் இரு. எதையும் கழட்டாத. குப்பையைப் போட்டுட்டு வந்துடறேன்."

"குப்பையா? இந்த மழையிலயா?"

அவர் ஒரு கையில் தடி, ஒரு கையில் குடை, பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

பின்சந்தில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு அடியையும் தடியால் தொட்டுப் பார்த்து வைத்தார். டாக்டர் முகம் ஒரு முறை வந்து போனது. சுவரோரமாகவே சந்தைத் தாண்டி, வரிசைக் கடைசி வீட்டைச் சுற்றி, முன்தெருவுக்கு வந்து, தன் வீட்டுக் கேட்டுக்கு எதிரே வந்து நின்றபோது குடை இருந்தும் பாதி நனைந்திருந்தார். மூச்சு வாங்கியது. எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. நாய்க்கு பிஸ்கட் கொண்டுவரவில்லை.

மணியும் இல்லை. அது மேருவில் ரோனி கையில் இருந்தது. கேட்டில் தொங்கிய பூட்டை எடுத்துக் கம்பியில் தட்டினார். பாசாரிலிருந்து மீன் விற்க வந்து வாசலில் தட்டுகிற ஆள் மாதிரி இருந்தது, பரவாயில்லை. இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, அந்தப் பாட்டு மாஸ்டர் தோளில் கைபோட்ட நாளிலிருந்து பூட்டி வைத்திருந்த தொண்டையைத் திறந்தார்.

குளிர்ந்த ராத்திரியில் மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பிறந்ததைச் சொல்கிற பாட்டு. குழு எப்போதும் முதலில் பாடுவது. குரல் எங்கேயோ போனது, சுருதி வேறு எங்கேயோ போனது. நாய் இன்னும் பலமாகக் குரைத்தது. முதல் நாலு வரி முடிந்ததும்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. இத்தனை வருஷம் வாயை அசைத்ததில் மேற்கொண்டு வார்த்தையே மனசில் ஏறவில்லை. தெரிந்தது அந்த நாலு வரிதான். சரி போகட்டும் என்று அதையே திரும்பவும் முதலிலிருந்து எடுத்தார்.

இரண்டாவது வரியில் ஹால் விளக்கு அணைந்தது.

கிளாரன்ஸ் நிறுத்திவிட்டார். பழக்கம் அப்படி. விளக்கை அணைத்தால் வேண்டாம் என்று அர்த்தம், சத்தமில்லாமல் கிளம்பிவிட வேண்டும். அவர் போட்ட சட்டம்தான். இவ்வளவு காலம் கழித்து வந்து கழுதை மாதிரிக் கத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். முட்டி விண் விண்ணென்று தெறித்தது. போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

இருட்டு ஜன்னலில் கண்ணாடிப் பலகைகள் விரலளவு திறந்தன.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது கேத்தரினின் குரல்.

"நீதானே விளக்கை அணைச்ச."

"அணைச்சாத்தானேங்க நீங்க தெரியுறீங்க."

கிளாரன்ஸ் அப்படியே நின்றார். பட்டறையில் தலையில் சுத்தியல் விழுந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டார். மேருவில் அந்தச் சின்ன வீடு அவர் கண்முன்னால் வந்தது. மணி அடிக்கிறார், முதல் வரி தொடங்குகிறது, விளக்கு அணைகிறது. உள்ளே இருட்டில் ஒரு அம்மாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவளுக்கு மழை தெரிகிறது, குடைகள் தெரிகின்றன, பாடுகிற முகம் ஒவ்வொன்றும் தெரிகிறது. உடனே அந்த முகங்கள் எல்லாம் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வேனில் ஏறிப் போய்விடுகின்றன. மூன்று வருஷம். நான்காவது வருஷம் யாரும் வரவே இல்லை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கை ஈரத்தில் அது பேச்சைக் கேட்கவில்லை, வேட்டியில் துடைத்துத் துடைத்து ஒருவழியாக அழுத்தினார்.

"செரீனா, இன்னும் மேருவுலதானே நிக்கிறீங்க?"

"ஆமா அங்கிள். தண்ணி வடியற வரைக்கும் இங்கதான்."

"நல்லம்மாள் வீடு பக்கத்துலதான் இருக்கும். ரோனிக்கு வழி தெரியும். இருக்காங்களான்னு பார்த்து, அங்க போய்ப் பாடுங்க."

"அவங்க பேர் புக்கிங்ல இல்லையே."

"இருக்காது. நான்தான் எடுத்தேன்."

"ரூல் அங்கிள்?"

"ரூலைத் தூக்கிக் கடாசு. இங்க பாரு, நல்லாக் கேட்டுக்க. நீங்க ஆரம்பிச்சதும் அவங்க விளக்கை அணைப்பாங்க. கிளம்பிடாதீங்க. அவங்க உங்களைப் பார்க்கறதுக்குத்தான் அணைக்கிறாங்க. அதுக்கப்புறம் எல்லாப் பாட்டையும் பாடுங்க."

செரீனா சரி என்றாள். கிளாரன்ஸ் போனைப் பையில் போட்டார். மழை போர்ச் தகரத்தில் ஒரு சத்தமாகவும் மாமரத்தில் வேறு சத்தமாகவும் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் பச்சைப் பட்டின் சரிகை மட்டும் தெருவிளக்கு வெளிச்சத்தில் லேசாகத் தெரிந்தது.

"உள்ள வந்துடவா கேத்தி? கால் நனைஞ்சு போச்சு."

"போர்ச்சுக்குள்ள வந்து நில்லுங்க, நனையாம" என்றாள் கேத்தரின். அவள் குரல் சரியாக இல்லை, அழுதிருந்தாள். "கதவைத் திறக்க மாட்டேன். பாட்டு பாதியில நிக்குது."

"எனக்கு நாலு வரிதான் தெரியும்லா."

"அந்த நாலு வரியைப் பாடுங்க."

கிளாரன்ஸ் கேட்டைத் திறந்துகொண்டு போர்ச்சுக்குள் வந்தார். தடியைச் சுவரில் சாய்த்தார், குடையை மடக்கினார், இருட்டு ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார்.